குளிரில் கிளம்பாத எஞ்சினும் காலையில் விழிக்காத கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்பது எது தெரியுமா? "எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதல்ல. "நேற்று ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. காலையில் ஆன் செய்தால் வரவே இல்லை. பார்மட் செய்துவிடலாமா?" என்பதுதான்.

சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். பொறியியல் பட்டமும் வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கல்லூரியில் படித்தது அல்ல. பழவேற்காட்டில், மார்கழி மாத விடியற்காலையில், ஸ்டார்ட் ஆக மறுத்த ஒரு படகு மோட்டார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மாமாவின் மோட்டார்

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரி நீர் கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றில் என் தாய்மாமா வீடு.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் அங்கே போயிருந்தேன். முதல் நாள் மாலை மாமாவும் அவர் மகனும் நண்டு வலை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். விடியும் முன் போய் வலையை எடுக்க வேண்டும். தாமதமானால் வலையில் மாட்டிய நண்டு செத்துப்போகும். செத்த நண்டை வியாபாரி பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்.

காலை நாலரை மணி. நல்ல பனி. மாமாவின் பைபர் படகில் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். "நான் இழுக்கிறேன்" என்று முன்னால் போனேன். இருபது, முப்பது முறை இழுத்திருப்பேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது. "பிளக் போயிடுச்சி, புதுசு போடணும்" என்றான் மச்சான். "கார்புரேட்டரைக் கழட்டணும்" என்றார் பக்கத்துப் படகுக்காரர். "குளிருப்பா. வெயில் வந்தாத்தான் கிளம்பும்" என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு, "மோட்டாரே பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் போல" என்றேன்.

மாமா மட்டும் எதுவும் சொல்லவில்லை. என் தோளைத் தொட்டு, "இழுக்கறத நிறுத்து மாப்ளே. இழுக்க இழுக்க உள்ளே எண்ணெய்தான் ரொம்பும்" என்றார். பிறகு மகனிடம் திரும்பினார். "நேத்து நீதானே வண்டிய நிறுத்தினே? எதுல நிறுத்தினே?"

மச்சான் கொஞ்சம் தயங்கினான். "கிருஷ்ணாயில்லயே நிறுத்திட்டேம்பா."

அதோடு மாமா முடிவுக்கு வந்துவிடவில்லை. எண்ணெய்க் குழாயை மூடினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். நனைந்திருந்தது, மண்ணெண்ணெய் வாடை. துணியால் துடைத்துக் காய வைத்தார். எண்ணெய் டேங்கைத் தள்ளி வைத்துவிட்டு, பிளக்கை ஒயரோடு மோட்டாரின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீல நிறத்தில் பொறி தெரிந்தது. "பிளக்கு நல்லாத்தான் கீது" என்றார். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி உள்ளே நின்றிருந்த மண்ணெண்ணெயை ஒரு டப்பாவில் வடித்தார். பிளக்கை மாட்டி, பெட்ரோலைத் திறந்துவிட்டு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பிவிட்டது.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். புதிய பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை. ஒரு பைசா செலவில்லை.

குளிர் செய்த வேலை என்ன?

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு யோசித்தேன். எந்த எரிபொருளும் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பொறி பட்டதும் பற்றும். பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கோ சுமார் 38 டிகிரி சூடாவது வேண்டும். பழவேற்காட்டில் மார்கழி விடியலில் 20 டிகிரிதான் இருக்கும். அதனால்தான் இந்த மோட்டார்களைப் பெட்ரோலில் கிளப்பி, சில நிமிடம் ஓடிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். அப்போதுதான் கார்புரேட்டரில் மறுநாளுக்குப் பெட்ரோல் நிற்கும்.

மச்சான் அதை மறந்துவிட்டான். கோளாறு பிறந்தது முதல் நாள் இரவே. குளிர் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். மோட்டார் சூடாக இருக்கும்போது நிறுத்தி உடனே கிளப்பியிருந்தால் மண்ணெண்ணெயிலேயே கிளம்பியிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கம்ப்யூட்டர் உரிமையாளர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். "காலையில் வரவில்லை" என்பதால் கோளாறு காலையில்தான் வந்தது என்று நினைக்காதீர்கள். நேற்று என்ன நடந்தது, எப்படி நிறுத்தினீர்கள், புதிதாக எதை இணைத்தீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

ஆயாவின் போட்டோக்கள்

அதே வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. மாமா மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. அடுத்த மார்கழியில் காலை நேரத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. மத்தியானம் போட்டால் ஒழுங்காக வரும். முதலில் இரண்டாவது தடவையில் வந்தது. பிறகு ஐந்தாவது தடவையில். ஒரு நாள் வரவே இல்லை.

டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு "வைரஸ்" என்றார். பார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கடையில் நன்றாகவே ஓடியது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பழைய கதை.

ஹார்ட் டிஸ்கில் இருந்தவை மட்டும் திரும்பவில்லை. அதில் எங்கள் ஆயாவின் போட்டோக்கள் இருந்தன. முந்தின வருடம்தான் ஆயா காலமானார். போனில் இடம் போதவில்லை என்று போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் அழித்திருந்தாள். நான் போய் ரெகவரி சாப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ஏதோ சில பைல்கள் கிடைத்தன. ஆயா படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கோளாறு என்ன தெரியுமா? ரேம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றினேன். பளிச்சென்று இருக்க வேண்டிய தொடுமுனைகள் மங்கிப் போயிருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை நீக்கி, மறுபடி அழுத்திப் பொருத்தினேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல் அழுத்திலேயே வந்தது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தேடாமல் சொன்னார். யோசித்துப் பாருங்கள். திரையில் கம்பெனி லோகோவே வரவில்லை என்றால், கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கைத் தொடும் நிலைக்கே வரவில்லை. அந்த நிலையில் டிஸ்கை பார்மட் செய்வது, படகு மோட்டார் கிளம்பவில்லை என்று வலையை அறுத்துப் போடுவது மாதிரி.

உப்பும் பனியும்

காலையில் மட்டும் வரும் கோளாறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையில் காற்றோடு உப்பு வந்து எல்லாவற்றின் மேலும் படியும். உப்புக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். வீட்டு உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். விடியலில் காற்று குளிர்ந்ததும் ஈரப்பதம் கூடும், வெயில் ஏறினால் குறையும். தொடுமுனைகளில் படிந்த உப்பும் அப்படித்தான். காலையில் ஈரம், மத்தியானம் உலர்வு. மெல்ல மெல்ல உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

பழைய மதர்போர்டுகளிலும் பவர் சப்ளையிலும் இருக்கும் மின்பகுபொருள் கெபாசிட்டர்களும் இப்படித்தான். வயதானவை குளிரில் இன்னும் பலம் குறைந்துவிடும். சில முறை ஆன் செய்து கொஞ்சம் சூடேறிய பிறகு வேலை செய்யும். 2000-ங்களின் தொடக்கத்தில் தரக்குறைவான கெபாசிட்டர்கள் தலை வீங்கி, உலகம் முழுக்க ஏராளமான மதர்போர்டுகள் பழுதானது பலருக்கு நினைவிருக்கும்.

"முன்பெல்லாம் இரண்டாவது தடவையில் வந்துவிடும்" என்று சொல்கிறோமே, அதுதான் எச்சரிக்கை. பெரிய இடத்திலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம், கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். கடும் குளிரில் ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையம் இறுகிப்போனதே காரணம். ஆனால் அதற்கு முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்களில் அரிப்பும் கருகலும் காணப்பட்டிருந்தன. "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்ற நினைப்பு ஆபத்தானது. கம்ப்யூட்டர் இரண்டாவது தடவையில் வந்தால் அன்றைக்கே உங்கள் பைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். தேடல் அதற்குப் பிறகு.

பாடு முறை

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்ட முடியாது. எனவே யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பாட்டில் இன்னொருவர் குறுக்கே வர மாட்டார்.

கோளாறு தேடுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். ரேம், கேபிள், பேட்டரி மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் கம்ப்யூட்டர் ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றுக்கும் மறுபடி பணம் கொடுப்பீர்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது? செலவும் ஆபத்தும் குறைந்ததில் இருந்து தொடங்குங்கள்.

முதல் பாடு, மின்சாரம். அதே பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் விளக்கை மாட்டிப் பாருங்கள். யுபிஎஸ் ஆனில் இருக்கிறதா, பவர் கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா, கேபினெட்டின் பின்பக்க ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். எனக்கு வரும் அழைப்புகளில் நிறைய இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது பாடு, பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது? விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் பவர் சப்ளை பக்கம் தேட வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சார்ஜரை மாட்டி மறுபடி முயலுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும்.

மூன்றாவது பாடு, விளக்கும் விசிறியும் உண்டு, திரை மட்டும் கறுப்பு. முதலில் மானிட்டரின் கேபிள், மானிட்டரின் சொந்த விளக்கு. பிறகு பென் டிரைவ், பிரிண்டர், வெளி டிஸ்க் என்று கூடுதலாக மாட்டிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். அதன் பிறகுதான் ரேம். கேபினெட்டைத் திறக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும். பீப் ஒலி கேட்டால் எத்தனை முறை, நீளமா குட்டையா என்று எழுதி வையுங்கள். அதற்கு அர்த்தம் உண்டு.

நான்காவது பாடு, லோகோ வருகிறது, தேதி மட்டும் ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

ஐந்தாவது பாடு, லோகோ வந்துவிட்டது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. இப்போதுதான் டிஸ்கும் விண்டோஸும் சந்தேகத்துக்கு உரியவை. இங்கேயும் முதலில் வருவது ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேப் மோட், சிஸ்டம் ரீஸ்டோர் ஆகியவைதான். பார்மட் வரிசையில் கடைசி. அதுவும் பைல்களைக் காப்பி எடுத்த பிறகு.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். மாமாவும் பிளக், கார்புரேட்டர் வரைதான் போவார். அதற்கு மேல் மெக்கானிக்கிடம்தான்.

செய்தி வேறு, கோளாறு வேறு

"இதெல்லாம் பழைய மோட்டாருக்குச் சரி, இன்றைய இயந்திரங்கள் தாமே கோளாறைச் சொல்லிவிடுகின்றனவே" என்று கேட்கலாம். குளிர் நாட்டில் நிற்கும் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினுக்குள் ஒரு கம்ப்யூட்டரே இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்ல, அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோல் விடுகிறது. அந்த சென்சார் பழுதாகி, உறைபனியில் நிற்கும் எஞ்சினை "சூடாக இருக்கிறது" என்று சொன்னால், கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். கார் கிளம்பாது.

1996-ல் இருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் ஓபிடி-2 என்ற பொது இணைப்பு கட்டாயம். கருவியை மாட்டினால் ஒரு எண்ணைக் காட்டும். ஆனால் அந்த எண் "சென்சாரில் இருந்து வரும் தகவல் சரியில்லை" என்று மட்டும்தான் சொல்லும். சென்சார் கெட்டதா, ஒயர் அறுந்ததா, இணைப்பில் ஈரமா என்பதை மனிதன்தான் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுபவர்கள் பலமுறை வீண் செலவு செய்கிறார்கள். குளிரில் பேட்டரியின் பலம் பாதியாகிவிடுவதும் உண்டு. வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு பெரும்பாலும் அதுவே போதும், கிளம்பாமல் போக.

விண்டோஸின் நீலத்திரையும் அதே போலத்தான். அது தரும் எண் ஒரு துப்பு மட்டும். ஆனால் துப்பைத் தொலைக்காதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "ஏதோ இங்கிலீஷில் வந்தது, போய்விட்டது" என்றால் எந்த டெக்னீஷியனாலும் உதவ முடியாது.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

சர்வீஸ் கடைகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பார்மட் செய்ய ஒரு மணி நேரம் போதும். கோளாறைத் தேட ஒரு நாள்கூட ஆகலாம். தேடிய நேரத்துக்குக் காசு கேட்டால் நாம் தருவதில்லை. "ரேமைத் துடைத்ததற்கா ஐந்நூறு ரூபாய்?" என்று சண்டை போடுகிறோம். புதிதாக ஒரு பாகத்தைக் காட்டினால் பேசாமல் ஆயிரம் கொடுக்கிறோம். அப்புறம் கடைக்காரர் எதைச் செய்வார்?

எனவே இரண்டு விஷயம் செய்யுங்கள். கொடுக்கும் முன்பே, "என் அனுமதி இல்லாமல் பார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது, "கோளாறு எது, எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கு, அவர் தேடிய நேரத்துக்கும் சேர்த்து மனமாரப் பணம் கொடுங்கள். நம் ஊர்ப் பயிற்சி மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேர்டு, எக்ஸெல் சொல்லித் தரும் மூன்று மாதத்தில், கிளம்பாத கம்ப்யூட்டர் முன்னால் மாணவரை ஒரு நாள் உட்கார வையுங்கள்.

நிறுத்தித் தேடுவதில் அவமானம் எதுவும் இல்லை. 2019 ஜூலை 15 அன்று, மாமா வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே ஸ்ரீஹரிகோட்டாவில், சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது ஒரு கோளாறு தெரிந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினார்கள். தேடினார்கள், சரி செய்தார்கள். ஜூலை 22 அன்று ஏவினார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?

நிறுத்தும் விதமும் முக்கியம்

மச்சான் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியது போல நாமும் தினமும் ஒன்றைச் செய்கிறோம். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் இருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. அதன் மையப் பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் வேகமாக எழுவது அதனால்தான். ஆனால் நேற்றைய சிக்கல் ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுதாக மூடித் திறக்கும்.

"தினமும் ஷட் டவுன் செய்கிறேன், ஆனாலும் பிரச்சினை போகவில்லை" என்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அல்லது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனை கிளிக் செய்யுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். மெயின் ஸ்விட்சை நேராக அணைப்பது மட்டும் எப்போதும் வேண்டாம்.

கடைசியாக, மறுபடியும் காப்பி. இன்றைய கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்டி டிஸ்க்தான் அதிகம். அதில் பார்மட் ஆனதைத் திரும்ப எடுப்பது பழைய ஹார்ட் டிஸ்கை விடக் கடினம். வீட்டுப் போட்டோக்களும் சான்றிதழ்களும் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று வெளி டிஸ்கில், இன்னொன்று இணையச் சேமிப்பில்.

மாமா மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள். மாதம் பிறந்தால் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கை ஆயாவின் பழைய டிரங்குப் பெட்டியில் வைக்கிறாள். மச்சான் முகத்துவாரம் தாண்டியதுமே பெட்ரோலுக்கு மாற்றிவிடுகிறான். மாமா மறுநாள் காலையில் கேட்பதற்கு அவசியமே இருப்பதில்லை.

நாளைக் காலை உங்கள் கம்ப்யூட்டர் வரவில்லை என்றால், முதலில் பட்டனில் இருந்து கையை எடுங்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். பிறகு முதல் பாட்டில் இருந்து தொடங்குங்கள்.